ஃபெட்ச்சில் கன்டென்ட்-டைப் ஹெடரை எப்போது எழுத வேண்டும், எப்போது எழுதவே கூடாது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு உழவர் குழுவுக்காக, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல்லின் விவரத்தைப் பதியும் பக்கம் செய்கிறேன். ஊர், ரகம், சிப்பம் எண்ணிக்கை, ஈரப்பதம் இவற்றை ஃபெட்ச் (பிரவுசரிலிருந்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபங்ஷன்) வழியாக ஜேசனாக அனுப்பினால், எக்ஸ்பிரஸ் (நோடில் சர்வர் எழுத உதவும் கட்டமைப்பு) சர்வரில், வந்த தரவு இருக்க வேண்டிய ரெக்.பாடி காலியாக வந்தது. கன்டென்ட்-டைப் போட்டதும் சரியாகிவிட்டது. இப்போது அடங்கல் படத்தையும் சேர்த்தால் 'பவுண்டரி நாட் ஃபவுண்ட்' என்று பிழை வருகிறது. அதே ஹெடரைத்தானே போட்டேன்?

பதில்: போட்டதுதான் பிரச்சினை. கன்டென்ட்-டைப் என்பது, அனுப்பும் தரவு எந்த வகை என்று சர்வருக்குச் சொல்லும் சீட்டு. ஜேசன் மட்டும் போகும் முதல் இடத்தில் அதை நீங்கள் எழுதியாக வேண்டும். படம் சேரும் இரண்டாவது இடத்தில் எழுதவே கூடாது.

ஜேசன்.ஸ்டிரிங்கிஃபை தருவது வெறும் சரம். அதற்குள் ஜேசன் இருக்கிறதா, கடிதம் இருக்கிறதா என்று பிரவுசர் பிரித்துப் பார்க்காது. சரம் என்றால் 'டெக்ஸ்ட்/பிளெயின், சார்செட் யூடிஎஃப்-8' என்று தானே சீட்டு ஒட்டி அனுப்பிவிடும். அந்தப் பக்கம், சர்வரில் ஜேசனைப் பிரித்துத் தரும் எக்ஸ்பிரஸ்.ஜேசன் 'அப்ளிகேஷன்/ஜேசன்' என்ற சீட்டு உள்ள மூட்டையை மட்டுமே அவிழ்க்கும். மற்றதைத் தொடாமல், பிழையும் சொல்லாமல், அடுத்த ஆளிடம் தள்ளிவிடும். அதனால்தான் எக்ஸ்பிரஸ் 4-இல் ரெக்.பாடி வெற்று ஆப்ஜெக்டாகவும், 5-இல் அன்டிஃபைன்டாகவும் வருகிறது. ஸ்டிரிங்கிஃபை செய்ய மறந்து ஆப்ஜெக்டையே பாடியில் கொடுத்தால் போவது '[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]' என்ற சொற்கள்தான். ஜேசன் சீட்டும் கூட இருந்தால் சர்வர் 400 (தவறான கோரிக்கை என்ற பிழை) கொடுக்கும்.

படம் சேரும்போது கதை வேறு. ஃபார்ம்டேட்டாவை (புலங்களையும் கோப்புகளையும் சேர்த்து அனுப்பும் ஆப்ஜெக்ட்) பாடியாகக் கொடுத்தால், ஒவ்வொரு புலத்துக்கும் நடுவே வரப்பு போல ஒரு பிரிப்புச் சரத்தை பிரவுசர் அந்த நேரத்தில் உருவாக்கி வைக்கும். அதுதான் பவுண்டரி. அதே சரத்தை ஹெடரிலும் 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா; பவுண்டரி=...' என்று எழுதிவிடும். நீங்கள் கையால் 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' என்று மட்டும் எழுதினால் பிரவுசர் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு தன்னுடையதை விட்டுவிடும். வரப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், சர்வரில் கோப்புகளைப் பிரித்தெடுக்கும் மல்டர் நிற்கும். நீங்களே ஒரு பவுண்டரியைக் கற்பித்து எழுதினாலும் உள்ளே இருப்பதோடு அது பொருந்தாது. அந்த வரியை அழித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அழித்த பிறகும் பிழை வந்தால், எல்லாக் கோரிக்கைக்கும் ஜேசன் ஹெடர் சேர்க்கும் பொது ஃபங்ஷன் ஒன்று எங்காவது இருக்கும். அதில் 'பாடி சரமாக இருந்தால் மட்டும் சேர்' என்று ஒரு இஃப் போதும். அந்த ஃபங்ஷன் சிறிய எழுத்தில் ஒரு முறை, நீங்கள் பெரிய எழுத்தில் ஒரு முறை எழுதி, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டில் சேர்ந்தால் 'அப்ளிகேஷன்/ஜேசன், அப்ளிகேஷன்/ஜேசன்' என்று காற்புள்ளியோடு ஒட்டிப் போகும். சர்வர் அதை ஜேசன் என்று ஏற்காது.

ஃபார்ம்டேட்டாவுக்கு மாறியதும் இன்னொன்று இடிக்கும்: எல்லா மதிப்பும் சரமாகத்தான் வரும். 52 சிப்பத்தோடு 8 சிப்பத்தைக் கூட்டினால் 60 வராது, 528 வரும். சர்வரில் நம்பர் கொண்டு மாற்றிய பிறகே கூட்டுங்கள். ஃபார்ம்டேட்டாவில் புலங்களைச் சேர்க்கும் அப்பென்டில் படத்தைக் கடைசியாகச் சேருங்கள். ஊர், ரகம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தால், மல்டர் கோப்புக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் அவை ரெக்.பாடியில் இருக்காது.

படத்தை பேஸ்64 (வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கி ஜேசனுக்குள்ளேயே திணிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், எக்ஸ்பிரஸ்.ஜேசனின் இயல்பான வரம்போ 100 கேபிதான். போனில் எடுத்த அடங்கல் படம் 413-இல் (அளவு மீறிய பிழை) முட்டி நிற்கும்.

பக்கம் ஒரு போர்ட்டிலும் சர்வர் வேறு போர்ட்டிலும் ஓடினால், ஜேசன் ஹெடர் போட்ட உடனே பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பி அனுமதி கேட்கும். அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஹெடர்ஸில் கன்டென்ட்-டைப்பையும் சேர்த்து சர்வர் பதில் சொல்ல வேண்டும். எக்ஸ்பிரஸில், வேறு முகவரியிலிருந்து வரும் கோரிக்கைக்கு அனுமதி சொல்லும் கோர்ஸ் மிடில்வேர் இதைப் பார்த்துக்கொள்ளும். கன்சோலில் சிவப்பைக் கண்டதும் மோட்: 'நோ-கோர்ஸ்' போடும் பழக்கம் பலருக்கு உண்டு. சிவப்பு மறையும், ஆனால் உங்கள் ஜேசன் ஹெடரையும் பிரவுசர் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு டெக்ஸ்ட்/பிளெயினாக அனுப்பும். மறுபடி ரெக்.பாடி காலி. பதிலையும் உங்களால் படிக்க முடியாது.

தமிழில் தரவு அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியது, நோடின் எச்டிடிபி.ரெக்வெஸ்ட்டில் கன்டென்ட்-லெங்த்தைக் கையால் எழுதும் இடம். 'நெல்' கண்ணுக்கு இரண்டு எழுத்து; .லெங்த் கேட்டால் 4. யூடிஎஃப்-8 பைட்டில் 12. .லெங்த்தை எழுதினால் சர்வர் பாதியோடு வாசிப்பை நிறுத்திவிடும், ஜேசன் அறுந்து 400 வரும். ஆங்கிலத்தில் சோதித்தபோது ஓடியது, 'திருத்துறைப்பூண்டி' என்று அடித்ததும் உடைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பஃபர்.பைட்லெங்த் பயன்படுத்துங்கள். பிரவுசர் ஃபெட்ச்சில் இந்த ஹெடரை எழுதவே விடாது, அங்கே கவலையில்லை.

கெட் கோரிக்கைக்கு பாடி கிடையாது, கன்டென்ட்-டைப்பும் வேண்டாம். ஜேசனாகப் பதில் வேண்டுமென்றால் அதைச் சொல்லும் ஹெடர் அக்செப்ட்.

திருத்தியதும் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் தாவலைத் திறந்து, அந்தக் கோரிக்கையின் ரெக்வெஸ்ட் ஹெடர்ஸைப் பாருங்கள். படத்தோடு போகும் கோரிக்கையில் 'பவுண்டரி=' என்பதற்குப் பின்னால் நீளமான ஒரு சரம் இருக்க வேண்டும். அது இருந்தும் 'அன்எக்ஸ்பெக்டட் ஃபீல்ட்' என்று வந்தால், அப்பென்டில் கொடுத்த பெயரும் மல்டரின் சிங்கிளில் கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லை.