பழைய மோட்டார் படகை விற்க வருடத்தில் எந்த மாதம் நல்லது? சீசன் முடியப் போகிறது, இப்போதே விற்றுவிடவா, அடுத்த வசந்தம் வரை வைத்திருக்கவா?

மாதத்தின் பெயர் மட்டும் போதும் என்றால் பதில் சின்னது. உங்கள் பகுதியில் ஆட்கள் படகைத் தண்ணீரில் இறக்கத் தொடங்குவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே உங்கள் விளம்பரம் வெளியே வந்திருக்க வேண்டும். வட அரைக்கோளத்தின் குளிர் நாடுகளில் அது ஏறக்குறைய பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் கோடையே டிசம்பரில்தான் தொடங்குகிறது, அதனால் அங்கே ஆகஸ்ட், செப்டம்பர். பருவமழை நாடுகளில் கடல் அடங்கும் காலத்துக்குச் சற்று முன்னால்.

எல்லா இடத்திலும் கோடைதான் சீசன் என்றும் நினைக்க வேண்டாம். ஃபுளோரிடாவில் குளிர்காலத்தில்தான் வெளியூர் ஆட்கள் வந்து குவிவார்கள். அட்லாண்டிக் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். புயல் ஒன்று பெயர் சூட்டப்பட்டுக் கரையை நோக்கி வருகிற நேரத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் புது பாலிசி கொடுப்பதை நிறுத்தி வைப்பது வழக்கம். காப்பீடு இல்லாமல் கடன் கிடைக்காது, கடன் கிடைக்காமல் வாங்குபவர் கையெழுத்துப் போட மாட்டார்.

ஏன் சீசனுக்கு முன்னால், ஏன் நடுச் சீசனில் இல்லை? வாங்குபவர் பக்கம் நின்று பாருங்கள். அவர் மனதில் இருப்பது முதல் வெயில் வாரக்கடைசி. அன்றைக்குப் படகு அவர் கையில் இருக்க வேண்டும். ஆனால் முதல் போன் அழைப்பிலிருந்து சாவி கைமாறுவது வரை எவ்வளவு வேலை: நேரில் பார்ப்பது, சர்வேயரை (படகின் நிலையைச் சோதித்துச் சொல்பவர்) வரவழைப்பது, வெள்ளோட்டம், கடன், காப்பீடு, பெயர் மாற்றம், நிறுத்த இடம் பிடிப்பது. எல்லாம் சேர்ந்து சில வாரங்களை விழுங்கிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர் குளிர் இருக்கும்போதே தேட ஆரம்பிக்கிறார். நடுக்கோடையில் வருகிறவருக்கும் ஆசை இருக்கும், ஆனால் பாதிச் சீசன் போய்விட்டது, அந்தப் பாதியை உங்கள் விலையில்தான் கழிக்கப் பார்ப்பார். கோடை தாண்டிவிட்டால் அவரே, “குளிர்காலம் முழுக்க நான்தானே இதைக் காப்பாற்ற வேண்டும்?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

சரி, அப்படியானால் வசந்தம் வரை காத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்? பலர் இந்த இடத்தோடு யோசனையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வசந்தம் தரும் கூடுதல் விலையை எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள், அதுவரை படகு தின்னும் செலவை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த எண்கள் கற்பனை, உங்கள் பில்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வசந்தத்தில் இன்றைய உங்கள் படகின் வயதில் உள்ள ஒன்றுக்கு 100 கிடைக்கும் என்றும், இப்போது சீசன் முடிவில் 90 கிடைக்கும் என்றும் வையுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் காத்திருந்தால் 10 லாபம். இனி செலவு: ஆறு மாத நிறுத்தக் கட்டணம் 4. கரையேற்றுவது, இன்ஜினைக் குளிருக்குத் தயார் செய்வது, மூடி வைப்பது, வசந்தத்தில் மறுபடி இறக்குவது எல்லாம் சேர்த்து 3. காப்பீடு 1. படகுக்கு ஒரு வயது கூடியதற்கு 4. மொத்தம் 12. கையில் நிற்பது 88. இப்போதே 90-க்கு விற்றவர் உங்களைவிட முன்னால் இருக்கிறார், அதோடு அவர் குளிர்காலம் முழுக்கப் புயலுக்கும் பனிக்கும் பயப்படவும் இல்லை. படகின் மேல் கடன் இருந்தால் வட்டியும் இந்தப் பட்டியலில் சேரும்.

அதே படகு ட்ரெய்லரில் உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது, குளிர்காலத் தயாரிப்பை நீங்களே செய்துகொள்கிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழ். நிறுத்தக் கட்டணம் பூஜ்யம், தயாரிப்புக்கு 2, காப்பீடு 1, வயதுக்கு 4. மொத்தம் 7, கையில் 93. தாராளமாகக் காத்திருக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு படகுகளுக்கு இரண்டு வெவ்வேறு “நல்ல மாதம்” இப்படித்தான் வருகிறது. உங்கள் படகு எங்கே நிற்கிறது, அதற்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது.

வயது கூடுவதைச் சிலர் நம்ப மாட்டார்கள், “குளிர்காலத்தில் ஓடவே இல்லையே” என்பார்கள். வாங்குபவருக்கு அது பொருட்டே இல்லை. அமெரிக்காவில் விற்கும் படகுகளின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் 12 குறிகள் கொண்ட ஹல் (படகின் உடல்) அடையாள எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விளம்பரத் தளங்களிலும் முதல் வடிகட்டியே ஆண்டுதான். “பத்து வயதுக்குள்” என்று தேடுகிறவரின் பட்டியலிலிருந்து, ஜனவரி பிறந்ததும் உங்கள் படகு சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் விற்பதற்கு இன்னொரு நல்ல காரணம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்போது உங்கள் படகு தண்ணீரில் இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. வாங்குபவர் ஏறி உட்கார்ந்து முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். சூடு ஏறுகிறதா, அதிர்கிறதா, திருப்பும்போது இழுக்கிறதா, எல்லாம் அன்றே தெரிந்துவிடும். கரையேற்றி மூடிய பிறகு இதெல்லாம் பெரிய வம்பு. தண்ணீர் உறைந்தால் கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். இன்ஜின் பிளாக்கில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் பிளாக்கே வெடித்துவிடும். அதனால்தான் தண்ணீரை வடித்து, தேவையான இடத்தில் ஆன்டிஃப்ரீஸ் (எளிதில் உறையாத திரவம்) ஓடவிட்டு வைக்கிறோம். ஜனவரியில் ஒருவர் வந்து “ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க” என்றால், ஹோஸ் மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டு அந்தக் குளிர்காலத் தயாரிப்பு முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். அவர் வாங்காமல் போனால் செலவு உங்களுடையது. சர்வேயருக்கும் சிக்கல்தான்: படகின் ஃபைபர் உடலுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர், அந்த ஈரம் உறைந்திருந்தால் சரியாகக் காட்டாது.

ஆகவே குளிர்காலத்தில் முடியும் பேரம் பெரும்பாலும் முழுதாக முடிவதில்லை. முன்பணம் கொடுப்பார்கள், மீதி “வசந்தத்தில் வெள்ளோட்டம் சரியாக இருந்தால்” என்று நிற்கும். இரண்டு மூன்று மாதம் அந்தப் பணம் உங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. அதற்குள் அவர் மனம் மாறினால் நீங்கள் நல்ல சீசனின் முதல் வாரங்களை இழந்திருப்பீர்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால், வெள்ளோட்டத்துக்குக் கடைசித் தேதி ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணத்தையும் மூன்றாம் தரப்புக் கணக்கில் வைப்பது இருவருக்கும் நல்லது.

இலையுதிர் காலத்தில் வருகிறவர் பேரம் பேசத்தான் வருவார், அதை மறைக்கவில்லை. ஆனால் வெறுமனே வேடிக்கை பார்க்க வருபவர்கள் அப்போது குறைவு. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து ஏறி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எந்த வகைப் படகு என்பதையும் பாருங்கள். நீர்ச்சறுக்குப் படகும் பொன்டூனும் (மிதவைகளின் மேல் தட்டையான தளம் கொண்ட படகு) முழுக்க முழுக்க வெயிலை நம்பியவை. அவற்றை அக்டோபரில் விற்பது கடினம், விலையும் நன்றாகவே இறங்கும். மீன்பிடிப் படகுகள் அந்தந்த மீனின் காலத்தை ஒட்டி விற்கும், சில இடங்களில் அந்தக் காலமே இலையுதிர் காலம்தான். நீண்ட பயணத்துக்கான பாய்மரப் படகுகளின் கதை வேறு. அவற்றை வாங்குகிறவர்களில் பலர் படகைப் பிரித்து மேய்ந்து சீர்செய்வதற்காகவே ஒரு குளிர்காலத்தைக் கேட்பார்கள், அவர்களுக்கு செப்டம்பர், அக்டோபர்தான் வசதி. பெரிய படகுகள் விற்கவே பல மாதம் ஆகும் என்பதால் மாதம் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, ஒரு தரகரிடம் கொடுத்து வருடம் முழுக்கப் பட்டியலில் வையுங்கள். தரகு பெரும்பாலும் விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதையும் மேலே சொன்ன தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படகுக் கண்காட்சிகளையும் ஒரு கண் பாருங்கள். பிரான்சின் கான், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் இரண்டும் செப்டம்பரில், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் ஜனவரியில், மயாமி பிப்ரவரியில் நடப்பவை. அங்கே புதுப் படகின் விலையைக் கேட்டு மலைத்துப்போனவர், வீட்டுக்கு வந்து அதே வகையில் பழையது தேடுவார். உங்கள் விளம்பரம் அப்போது இருக்க வேண்டும். ஆனால் கண்காட்சியில் புதிது வாங்கியவர்கள் தங்கள் பழையதையும் சந்தைக்குக் கொண்டுவருவார்கள், போட்டியும் கூடவே ஏறும். நல்லதும் கெட்டதும் ஒன்றாகத்தான் வரும்.

மாதத்தைவிட வருடம் பெரிதாக அடித்த காலமும் உண்டு. 2020, 2021-இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் சுற்ற வழியில்லாத மக்கள் படகின் பக்கம் திரும்பியதால் எந்த மாதத்தில் போட்டாலும் போனது. அடுத்து 2022-இல் அமெரிக்காவில் வட்டி ஏற ஆரம்பித்து, 2023-இல் மத்திய வங்கியின் விகிதமே 5 சதவீதத்தைத் தாண்டியது. கடனில் வாங்குகிறவர்கள் தயங்கினார்கள், வசந்தம் வந்தும் அந்தத் தயக்கம் போகவில்லை. எரிபொருள் விலை ஏறும்போதும் இதேதான், முதலில் அடிபடுவது பெரிய பெட்ரோல் இன்ஜின் பூட்டிய படகுகள். சுற்றிலும் விலை இறங்கிக்கொண்டிருந்தால் வசந்தத்துக்குக் காத்திருப்பது என்பது கீழே போகும் படிக்கட்டில் நின்றுகொண்டு மேலே போகக் காத்திருப்பதுதான்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். நானாக இருந்தால் இந்த வாரமே விளம்பரம் போடுவேன், சந்தை விலையில், வசந்தத்து விலையில் அல்ல. கரையேற்றும் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதுதான் கெடு. அதற்குள் நியாயமான கேட்பு வந்தால் தாளில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டு முடித்துவிடுங்கள். கெடுவுக்கு முந்தைய வாரம் இன்னும் கொஞ்சம் இறங்கி வரலாம், ஏனென்றால் கரையேற்றும் செலவு அந்த வாரம் மிச்சம். விற்கவில்லையா, விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். குளிர்காலம் முழுக்க அது தொங்கிக்கொண்டிருந்தால் “ஏதோ கோளாறு போல” என்ற எண்ணம்தான் வரும். பிப்ரவரியில் புது விளம்பரமாக, புதுத் தலைப்போடு போடுங்கள்.

ஆனால் பிப்ரவரிக்கான வேலையை இப்போதே செய்ய வேண்டும். நீல பிளாஸ்டிக் உறைக்குள், பக்கத்தில் அழுக்குப் பனியோடு எடுத்த படத்தைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். வெயில் உள்ள காலையில், படகு தண்ணீரில் இருக்கும்போது படம் எடுங்கள். இன்ஜினை ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். அனுபவமுள்ளவர்கள் நேரில் வரும்போது முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார்கள், நீங்கள் முன்பே சூடாக்கி வைத்திருக்கிறீர்களா என்று. முழு வேகத்தில் ஓடும்போது இன்ஜின் சுழற்சி, ஜிபிஎஸ் வேகம், ஓடிய மணி நேரம் மூன்றும் ஒரே சட்டகத்தில் விழுகிற மாதிரி ஒரு படம் வேண்டும், குளிர்கால வாங்குபவருக்கு வெள்ளோட்டத்துக்கு அடுத்தபடி நம்பிக்கை தருவது அதுதான். இன்ஜினை யாராவது மெக்கானிக் குளிருக்குத் தயார் செய்தால் ரசீதை வாங்கி வையுங்கள். நீங்களே செய்தால் என்ன செய்தீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

அப்புறம், கரையேற்றும் நாளில் அடிப்பகுதியைக் கழுவியதும் உடனே, காய்வதற்கு முன்னால், ப்ரொப்பெல்லரையும் ஹல்லையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். ஃபைபரில் நீர்க்கொப்புளம் இருந்தால் தண்ணீரைவிட்டு வெளியே வந்த அந்த நேரத்தில்தான் நன்றாகத் தெரியும், காய்ந்தால் அமுங்கிவிடும். கொப்புளம் இல்லாத ஈரமான அடிப்பகுதியின் படம் உங்களிடம் இருந்தால், வசந்தத்தில் கொப்புளத்தைக் காரணம் காட்டி விலையைக் குறைக்க வருகிறவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.