ஆர்டர் என்ற பெயரில் டேபிள் வேண்டாமுங்க

திருப்பூர் ஜாப் ஒர்க் (அடுத்த கம்பெனிக்குக் கூலிக்குச் செய்து தருகிற வேலை) கணக்கைப் பார்க்கிற புரோகிராமை உங்க பாப்பா கடைசி வருச புராஜெக்டாகச் செய்திருக்குது, நல்லாவே ஓடுது. ஆனா இன்டர்வியூவில் கோடிங்கைப் புரட்டிப் பார்த்தவர் "ஏ1, டெம்ப்2, டேட்டா3 எல்லாம் என்னம்மா?" என்று கேட்டதும் பதில் வரவில்லை. இதற்காக இன்னொரு கோர்ஸில் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கீங்க. கட்ட வேண்டாமுங்க. குறை படிப்பில் இல்லை, வைத்த பெயர்களில் இருக்குது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் சரியாகிவிடும். கோயமுத்தூர் சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்கிறவருக்கு, புதிதாக எழுதுவதைவிட அடுத்தவர் எழுதியதைப் படித்துத் திருத்துகிற வேலைதான் முதலில் வரும். அதனால்தான் அந்தக் கேள்வி.

திருப்பூர்ப் பிள்ளைகள் செய்கிற புராஜெக்டில் முதல் டேபிளே (டேட்டாபேஸில் விவரங்களைச் சேமிக்கிற அட்டவணை) ஆர்டர் என்றுதான் இருக்கும், ஊரே ஆர்டரை வைத்து ஓடுவதால். ஆனால் டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கிற எஸ்க்யூஎல் மொழியில் வரிசைப்படுத்துவதற்கான கட்டளைச் சொல்லும் அதேதான். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் அங்கேயே நின்று 1064 என்ற எரர் காட்டும். பெயரை பேக்டிக் (`) குறிக்குள் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் அதற்குப்பிறகு எழுதுகிற ஒவ்வொரு க்வெரியிலும் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கிற கட்டளை வரி) அதை மறக்காமல் போடணும். பையர்_ஆர்டர் என்று வைத்துவிட்டால் தொல்லையே இல்லை. குரூப் என்ற சொல்லும் இப்படித்தான். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் யூசர் என்று வைத்தால் இன்னும் மோசம். மேற்கோள் குறி இல்லாமல் அந்த டேபிளைக் கேட்டால் எரரே வராது, டேட்டாபேஸில் லாகின் செய்திருக்கிறவரின் பெயர் மட்டும் ஒரே வரியாக வந்து நிற்கும். டேபிள் காலியாகிவிட்டது என்று பிள்ளைகள் பயந்துபோவார்கள்.

அடுத்தது அளவு. இதைத்தான் நான் ரொம்ப வலியுறுத்துவேன். நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் கிலோக் கணக்கில் கூலி, தையலுக்குப் பீஸ் கணக்கில் கூலி என்பது உங்களுக்குத் தெரியும். பாப்பாவின் டேபிளில் இரண்டுக்கும் சேர்த்து ரேட் என்று ஒரே காலம்தான், அதாவது மேலிருந்து கீழாக ஒரே பத்திதான், இருக்குது. ஒரு டிஷர்ட் 180 கிராம் என்றால் 1,000 பீஸ் 180 கிலோ. பீஸ் ரேட்டைக் கிலோவோடு பெருக்கிவிட்டால் தையல்காரர் பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெறும் எண்கள்தானே, எரர் வராது. ரேட்_பெர்_கேஜி, ரேட்_பெர்_பீஸ் என்று இரண்டு காலமாகப் பிரிக்கட்டும். எடைக்கு வெயிட்_கேஜி என்றே வைக்கட்டும். ஸ்டேட்டஸ் என்று மொட்டையாக வைத்து 0, 1 போட்டிருப்பதை இஸ்_பெய்ட் என்று மாற்றினால் 1 எதைச் சொல்லுது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. டிசி என்றால் நமக்கு டெலிவரி சலான், வெளியூர்க்காரருக்கு வேறு. முழுசாகவே எழுதலாம்.

தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பெயர் வைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்க. நூல் என்பதை இரண்டு ஓ போட்டும் எழுதலாம், ஒரு யூ போட்டும் எழுதலாம், பிள்ளைக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது. இங்கிலீஷ் சொல்லிலும் சாயத்தைச் சொல்கிற டையிங் மாதிரி இடறுகிறவை உண்டு. டேபிளில் நடுவே இருக்கிற ஈ எழுத்து க்வெரியில் விட்டுப்போனால் மைஎஸ்க்யூஎல் 1054 என்று சொல்லிவிடும். புரோகிராம் எழுதுகிற பைத்தான் மொழியில் அந்தக் காவல் கிடையாது. மதிப்புக் கொடுக்கிற வரியில் பெயரைத் தப்பாக அடித்தால் சத்தமில்லாமல் புது வேரியபிள் (ஒரு மதிப்பை வைத்திருக்கிற பெயர்) பிறந்துவிடும், பழையதில் பழைய எண்ணே இருக்கும்.

எழுத்து வடிவம்: டேபிள், காலம் எல்லாமே சின்ன எழுத்து, நடுவில் அண்டர்ஸ்கோர். வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. லினக்ஸ் சர்வரில் டேபிள் பெயருக்குப் பார்க்கும், அங்கே ஏற்றியதும் டேபிளே இல்லை என்று 1146 காட்டும். பைத்தானில் வேரியபிளுக்கும் ஃபங்ஷனுக்கும் இதே அண்டர்ஸ்கோர் முறை, கிளாஸுக்கு ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிசு. ஜாவா என்றால் வேரியபிளுக்கு கேமல் கேஸ், அதாவது இரண்டாவது சொல்லிலிருந்து முதல் எழுத்து பெரிசு. டேபிள் பெயர் ஒருமையா பன்மையா என்பதில் சண்டையே வேண்டாம், எதுவானாலும் கடைசிவரை ஒன்று. பார்ட்டி_ஐடி என்றால் எல்லா டேபிளிலும் பார்ட்டி_ஐடிதான், ஓரிடத்தில் கஸ்ட்_நம்பர் ஆகக்கூடாது.

மாற்றுகிற வேலையை இந்த வரிசையில் செய்யட்டும். முதல் ஞாயிறு டேட்டாபேஸை முழுசாக பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு நோட்டில் இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதுப்பெயர் எழுதணும். நோட்டு முடியாமல் கீபோர்டைத் தொட வேண்டாம். பிறகு ஒவ்வொரு டேபிளாக மாற்றணும். மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் ரீநேம் காலம் என்ற கட்டளை இருக்குது. பழைய வெர்ஷனில் சேஞ்ச் கட்டளைதான், அதில் டேட்டா டைப், நாட் நல் (காலியாக விடக்கூடாது என்ற கட்டுப்பாடு) எல்லாவற்றையும் திரும்ப எழுதணும். நாட் நல் விட்டுப்போனால் அந்தக் கட்டுப்பாடே போய்விடும். வியூ (சேமித்துவைத்த க்வெரி), ஸ்டோர்டு புரொசீஜர் (சேமித்துவைத்த கட்டளைத் தொகுப்பு) தானாக மாறாது, அவற்றைத் திறந்து கையால்தான் மாற்றணும்.

இரண்டாவது ஞாயிறு கோடிங். ஃபைண்ட் ரீப்ளேஸ் வேண்டவே வேண்டாம். ஐடி என்ற இரண்டெழுத்தை மாற்றப்போனால் பெய்ட், வேலிட் என்ற சொற்களின் கடைசி இரண்டெழுத்தும் சேர்ந்து மாறிவிடும். கோடிங் எழுதுகிற விஎஸ் கோட் எடிட்டரில் வேரியபிள் மேல் கர்சரை வைத்து எஃப்2 அழுத்தினால் அந்த வேரியபிள் வருகிற இடங்களை மட்டும் மாற்றித்தரும். மேற்கோளுக்குள் இருக்கிற எஸ்க்யூஎல் வரிகள் அதற்குத் தெரியாது, அவற்றை நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றணும். பத்து வேரியபிள் மாற்றியதும் ஒருதடவை ஓட்டிப் பார்த்து, பழைய பில் ஒன்றின் தொகையோடு ஒத்துப்பார்க்கட்டும்.

அந்த நோட்டைத் தூக்கிப்போட வேண்டாமுங்க. அடுத்த இன்டர்வியூவுக்குப் பாப்பா அதைக் கையோடு கொண்டுபோகட்டும். ரேட் காலத்தை ஏன் இரண்டாகப் பிரித்தாய் என்று கேட்டால், உங்க வீட்டுத் தொழிலை வைத்தே பாப்பாவால் பதில் சொல்ல முடியும்.