மூன்றாவது விருப்பு வாக்கு யாருக்கு?

கேள்வி: கட்சிக்கு வாக்களித்துவிட்டு அதன் வேட்பாளர் மூவருக்குப் போடும் விருப்பு வாக்குகளில் மூன்றாவதை, கொழும்பு மாவட்ட வேட்பாளர் ஒருவருக்குப் போட நினைத்திருக்கிறேன். அவர் கிறிஸ்தவர், நாங்கள் சைவம். "வேதக்காரருக்குப் போட்டால் சாமி குற்றம்" என்று கோயிலில் ஒருவர் சொன்னதிலிருந்து மாமியும் அதையே சொல்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கோயிலில் சொன்னவரின் பேச்சை முதலில் தள்ளி வையுங்கள், தங்கச்சி. தெய்வ தண்டனையைக் காட்டி வாக்காளரைப் பயமுறுத்துவது நமது தேர்தல் சட்டப்படி குற்றம்.

மாமியின் பயம் வேறு. அதை நான் லேசாக எடுக்க மாட்டேன். நாட்டை ஆண்ட பண்டாரநாயக்கவும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து பௌத்தர்களானவர்கள். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர், "நமக்கென்று நம்ம ஆள் ஒருவராவது வேண்டும்" என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் அவரிடம், தமிழரசுக் கட்சியை நிறுவிய தந்தை செல்வாவைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள். 1947இல் காங்கேசன்துறையில் வென்றவர், 1952இல் சைவரான நடேசனிடம் தோற்றார். செல்வா வேதக்காரர் என்ற பேச்சும் அப்போது அடிபட்டது. 1956இல் அதே சைவ ஊர்கள் அவரை மறுபடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பின. அந்த ஜூன் மாதம், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து இங்கே காலிமுகத்திடலில் அவர் சத்தியாக்கிரகம் இருந்தார். கூட வந்தவர்களைக் காடையர்கள் அடித்தார்கள். 1977இல் கண்மூடும்வரை அந்த ஊர்கள் அவரை விடவில்லை. அவரும் கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால், பொட்டு வைத்த பெண்கள் எத்தனை பேர் மெழுகுதிரியோடு நிற்கிறார்கள்! உங்கள் மாமியும் போயிருப்பார்.

அதற்காக, வேட்பாளரின் நம்பிக்கையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நான் பார்ப்பேன். ஞாயிறு பூசைக்கு ஒழுங்காகப் போகிறாரா என்பது எனக்குத் தேவையில்லை. மழைக்குக் கான் நிரம்பி உங்கள் தோட்டத்துக்குள் தண்ணீர் வந்தபோது, தன் சபை ஆட்களுக்கு மட்டும் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தாரா, எல்லா வீட்டுக்கும் கொடுத்தாரா? 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, "முஸ்லிம் கடைக்குப் போகாதே" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியபோது வாய் திறந்தாரா? எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. தன் சனம் சாவு வீட்டில் இருந்த நேரத்திலும் அடுத்தவருக்காகப் பேசியவர் என்றால், தயங்காமல் போடுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

மாமியோடு சண்டை வேண்டாம். அவருக்கும் மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது, அவர் விரும்பியவருக்குப் போடட்டும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று வீட்டில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.