வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம்: என் 2 வயது மகன் பேசாததற்கு இதுதான் காரணமா?

இல்லை. பெங்களூருவில் இரு மொழி கேட்டு வளர்வதால் மட்டும் பேச்சு தள்ளிப்போவதில்லை. "அவன் அப்பாவும் இப்படித்தான்" என்று பாட்டி சொல்வதை நம்பிக் காத்திருப்பதுதான் வினை.

இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். தமிழ் 'பால்' ஒன்று, கன்னட 'நீரு' (தண்ணீர்) ஒன்று. 2 வயதில் சுமார் 50 சொற்களும் 'அம்மா வா' போன்ற தொடர்களும் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவரிடமே வளர்ச்சிச் சோதனை கேளுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற ஆட்டிசம் (பேசிப் பழகுவதைப் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு) வினாப்பட்டியலில் 20 கேள்விகள்: பெயர் சொன்னால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, இப்படி. அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விரிவாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தை மனநலப் பிரிவு இருக்கிறது.

கூடவே செவித்திறன் சோதனையையும் செய்துவிடுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கும் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். மருத்துவமனை போன்ற புதிய இடத்தில் பல பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் வீட்டில் விளையாடும்போது எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள்.