அளப்பதும் உற்பத்திதானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆலை மோட்டார்களில் சென்சார் பொருத்தி, அதிர்வை அளந்து அறிக்கை அனுப்பும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அப்பா காலமெல்லாம் லேத் ஓட்டியவர். “நீ எதையும் செய்யலடா, அடுத்தவன் செஞ்சதை அளந்துக்கிட்டிருக்க” என்கிறார். அவரைப்போல மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறேன், வளர்ந்த நாடுகளின் ஜி.டி.பி.யில் பெரும்பகுதி சேவைத்துறைதான் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சேவையும் தகவலும் நிஜமாகவே செல்வத்தை உருவாக்குகின்றனவா? செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த வேலை நிலைக்குமா?

வி.

அன்புள்ள வி.,

பெற்றவரிடம் போய்ச் சம்பளக் கணக்கைக் காட்டுவார்களா? சம்பளம் உங்கள் பேரத்தின் வலுவைச் சொல்லும், வேலையின் பயனைச் சொல்லாது. ஜி.டி.பி. வாதமும் அப்படித்தான். ஓர் ஆலை தன் காவலாளியையும் கணக்கரையும் ஒப்பந்த நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால், அதே ஆட்கள் அதே வேலையைச் செய்யும்போதே புள்ளிவிவரத்தில் சேவைத்துறை வளர்ந்துவிடும். செயற்கை நுண்ணறிவை இப்போதைக்கு விடுங்கள்.

அப்பாவின் சந்தேகம் மதிப்புள்ளது, பழையதும்கூட. அதை முதலில் கிளப்பியவர்கள் அவரையே வெளியே நிறுத்தினார்கள். 1758இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் கெனே போட்ட பொருளாதார அட்டவணையில் உபரி தருவது நிலம் மட்டுமே. கைவினைஞரும் வணிகரும் மலட்டு வர்க்கம். 1776இல் ஆடம் ஸ்மித் பட்டறையை உற்பத்திக்குள் சேர்த்தார், மருத்துவரையும் பாடகரையும் வெளியே விட்டார். சோவியத் கணக்கிலோ சரக்கு ரயில் உற்பத்தி, அதே தண்டவாளத்தில் ஓடும் பயணிகள் ரயில் உற்பத்தியில்லை. கையால் தொட முடிகிறதா என்று பார்த்துக் கோடு போட்டால் இப்படித்தான் ஆகும்.

நான் கேட்பது ஒன்றே: உங்கள் அறிக்கையைப் பார்த்து யாராவது தன் முடிவை மாற்றினாரா?

ஒரு மோட்டாரின் பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையம், திடீரென்று போனால் 14 மணி நேரம் வேலை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரி தேட வேண்டும், ஷாஃப்டும் (அந்தத் தண்டும்) கீறியிருக்கும். அதிர்வு கூடுவதை வைத்து மூன்று வாரம் முன்பே தெரிந்தால், உதிரியை வரவழைத்து வைத்து 2 மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மிஞ்சிய 12 மணி நேர உற்பத்தி உங்கள் அறிக்கையால் வந்தது. இரண்டு முறை பொய் எச்சரிக்கை கொடுத்து நல்ல பேரிங்கைக் கழற்ற வைத்திருந்தால் 4 மணி நேரத்தைக் கழியுங்கள். மீதி 8. அதிலிருந்து உங்கள் கட்டணமும் போக வேண்டும். மிஞ்சுவதுதான் நீங்கள் ஆலைக்குச் சேர்த்தது.

அறிக்கை யாரும் திறக்காத மின்னஞ்சலில் கிடந்தால்? எவ்வளவு நுட்பமாக அளந்திருந்தாலும் பூஜ்யம். கட்டணம் வசூலாகும், ஜி.டி.பி.யிலும் ஏறும், ஆலைக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. தகவல் தொழிலின் பெரிய ஓட்டை இதுதான், உங்கள் துறையினர் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. அறிக்கையின் பக்கங்களை எண்ணுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தவர் யார் என்று கேட்பதில்லை.

அளவீடே பொய்யாவதும் உண்டு. சென்சாரை மெல்லிய தகர மூடியின்மேல் ஒட்டினால் தகரத்தின் ஆட்டம்தான் பதிவாகும். பேரிங்கைத் தாங்கும் கூடான ஹவுசிங்கில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, சுமை விழும் பக்கமாகப் பொருத்த வேண்டும். வேகமும் சுமையும் மாறிய நேரத்து எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. புது பேரிங் போட்டதும் முதல் அளவை எடுத்து வையுங்கள். அதிர்வு வினாடிக்கு 2 மில்லிமீட்டர் என்றிருந்தது, மோட்டார் அதே வேகத்தில் ஓடும்போது 4 ஆனால், பொது வரம்புக்குள் இருந்தாலும் கவனிக்க வேண்டும். எது பழுது, எது வெறும் கிரீஸ் வறட்சி என்பதை உங்கள் அப்பா போன்றவர்கள் காதாலேயே பிரித்துவிடுவார்கள். அவரிடம் வாதாடியது போதும், கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு அனுப்பிய எச்சரிக்கைகளை ஆலையின் பராமரிப்புப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எத்தனைக்கு வேலை நடந்தது, கழற்றிய பேரிங்கின் அவுட்டர் ரேஸில் (வெளி வளையத்தில்) உரிசல் இருந்ததா என்று பாருங்கள். கழற்றியதை அறுத்துப் பார்க்காமலே பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் உங்கள் எச்சரிக்கை வரம்பு சரியா என்பது யாருக்கும் தெரியாது. கழற்றியதை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அடுத்த ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.