கேள்வி-பதில்: ராத்திரி பதினொன்றரைக்கு வருகிறவருக்கு எது முதலில் தெரிய வேண்டும்?

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு திறமூல மென்பொருளை ஏழு வருடமாக நடத்துகிறோம். அதில் பாதுகாப்பு ஓட்டை வரும்போதெல்லாம் எங்கள் தளத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்துச் சேர்த்து, இப்போது எங்களுக்கே தலைகால் புரியவில்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது?
– கோவை வாசகர்

அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் இரண்டே வகைதான். ஓட்டையைப் பார்த்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தேடுபவர் ஒருவர். ராத்திரி பதினொன்றரைக்கு மேலாளர் போன் போட்டு "நம்ம சர்வர்ல இது இருக்கா?" என்று கேட்டதால் அலறியடித்து வந்தவர் இன்னொருவர். ஏழு வருட வரலாறு படிக்க யாரும் வருவதில்லை, அதனால் முதல் வரியில் புகார் சொல்லும் மெயில் முகவரி, அதற்கு அடுத்தே எந்தெந்தப் பதிப்புக்கு இன்னும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) தருகிறீர்கள் என்பது, அப்புறம் ஓட்டைகளின் அட்டவணை. பாதுகாப்பை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறோம் என்ற முன்னுரையைத் தயவுசெய்து தூக்கிவிடுங்கள்.

அட்டவணைக்கு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பாதுகாப்புப் பக்கத்தைப் பாருங்கள். சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் உலகப் பொதுவாகத் தரும் அடையாள எண்), பாதிக்கப்பட்ட பதிப்புகள், சரிசெய்த பதிப்பு, எந்தப் பகுதி, எவ்வளவு தீவிரம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அவர்கள் தரும் ஆதரவு 5 வருடம். காலம் முடிந்தவற்றுக்குத் தனி இடம்.

பதிப்பு எண்ணை எழுதுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "3.4 வரை பாதிப்பு" என்றால் 3.4 சேர்த்தியா இல்லையா? 3.4.2 வைத்திருப்பவர் என்ன செய்வார்? "2.1.0 முதல் 3.4.2 முடிய, 3.4.3-ல் சரி" என்று எழுதினால் கேள்விக்கே இடமில்லை. பாதிப்பில்லாத பதிப்புகளையும் சொல்லிவிடுங்கள். 2014-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோது 1.0.1 முதல் 1.0.1எஃப் முடியவும் 1.0.2-ன் சோதனைப் பதிப்பிலும்தான் சிக்கல், அதைவிடப் பழைய 0.9.8-க்கு ஒன்றுமில்லை. பழசு என்றாலே ஆபத்து என்று நினைப்பவருக்கு இது தானாகத் தோன்றாது.

தப்பாகச் சொன்னதை என்ன செய்வது? 2021 டிசம்பரில் லாக்4ஜே (ஜாவா நிரல்களில் நடப்பதைப் பதிவு செய்யும் மென்பொருள்) ஓட்டை வெடித்தபோது அதை நடத்துபவர்கள் முதலில் 2.15.0-க்கு மாறச் சொன்னார்கள், அது போதவில்லை என்று 2.16.0, பிறகு 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1, இதற்கிடையே பழைய ஜாவாவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தனிப் பதிப்புகள் வேறு. மாற முடியாதவர்களுக்கு ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும் என்று ஆரம்பத்தில் சொன்ன வழியும் முழுசாகக் காப்பாற்றவில்லை. அதை அவர்கள் சத்தமில்லாமல் அழிக்கவில்லை, 'இனி நம்ப வேண்டாம்' என்ற பொருளில் தனித் தலைப்பு போட்டுக் கீழே வைத்தார்கள். அந்த செட்டிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் திரும்பி வந்தால் அவருக்கு விஷயம் தெரிய வேண்டுமே! நீங்களும் அப்படியே செய்யுங்கள், திருத்திய தேதியோடு.

சிவிஇ எண்ணில் உள்ள வருடம் ஓட்டை உருவான வருடமா?
– மதுரை வாசகி

இல்லை. எண் ஒதுக்கப்பட்ட அல்லது விஷயம் வெளியே வந்த வருடம். ஷெல்ஷாக் என்ற ஓட்டையின் எண் சிவிஇ-2014-6271, ஆனால் பேஷில் (லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் நிரல்) அது 1989-லிருந்தே இருந்தது. கோவைக்காரரும் கவனிக்க: அட்டவணையை எண் வரிசையில் அடுக்காதீர்கள், பேட்ச் வந்த தேதிப்படி புதிதை மேலே வையுங்கள்.

ஒரு தளத்தில் ஓட்டை கண்டால் முகவரி தேடி எங்கே போவது?
– சென்னை வாசகர்

தள முகவரியின் பின்னால் /.வெல்-நோன்/செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி இருக்கிறதா பாருங்கள் (எல்லாம் ஆங்கில எழுத்தில்). 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9116 என்ற இணைய நெறி ஆவணம் சொல்லும் வழி இது. தொடர்பு முகவரியும் காலாவதித் தேதியும் அதில் கட்டாயம். நான் ஒருமுறை ஒரு தளத்துக்கு இப்படி எழுதினேன், மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது. அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன், காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.