செழியன் என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

மகன் பிறந்து இருபது நாளாகிறது. செழியன் என்று பெயர் வைக்க ஆசை. தவறான தீர்ப்பு சொல்லி உயிரை விட்ட பாண்டியனின் பெயர், ராசியில்லை என்கிறார் மாமனார். எண்கணிதக்காரரோ இங்கிலீஷில் ஓர் 'ஏ' கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார். வைக்கலாமா?

வி.

அன்புள்ள வி.,

தாராளமாக வையுங்கள். செழிப்போடு உறவுள்ள சொல். மாறன், வழுதி போலப் பாண்டியருக்குப் பொதுவாக வழங்கிய பெயர். மாமனார் சொல்லும் நெடுஞ்செழியன், சிலப்பதிகாரத்தில் பிழை தெரிந்த கணமே "யானோ அரசன் யானே கள்வன்" என்று விழுந்தவன். அந்தப் பெயரில் என்ன இழுக்கு? தலையாலங்கானத்தில் சேர சோழரோடு ஐந்து வேளிரையும் வென்றவனும் இன்னொரு நெடுஞ்செழியன்தான். பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்த 'ஏ'வை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். காசும் கொடுத்துப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கத் தொல்லையும் வாங்கித் தருவதா? இந்தப் பெயருக்கு ஏற்கெனவே எட்டு எழுத்துமுறை உண்டு. முதலில் 'எஸ்' அல்லது 'சிஎச்'. ழகரத்துக்கு 'இசட்எச்' அல்லது வெறும் 'எல்'. முடிவில் 'ஐஏஎன்' அல்லது 'ஐஒய்ஏஎன்'. சீனிவாசனாக இருந்து பெயர் மாற்றிக்கொண்ட அரசியல்வாதி இரா. செழியன் 'எஸ்' போட்டார்; நாராயணசாமியாக இருந்த அவர் அண்ணன் நெடுஞ்செழியன் 'சிஎச்' போட்டார். இரண்டும் சரியே. ஞகர மெய்க்குப் பின் சகரம் அழுத்தி ஒலிக்கும், தனிப்பெயரில் மெலிந்து ஒலிக்கும். ஆகவே உங்கள் பையனுக்கு 'எஸ்', நடுவில் 'இசட்எச்', கடைசியில் 'ஐஒய்ஏஎன்'. 'எல்' போட்டால் வெளியூரில் அவன் செலியன்தான். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று ஆனால் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது திருத்தத்துக்கு அலைய வேண்டும்.

இனிஷியல் பாஸ்போர்ட்டில் செல்லாது. விரித்து எழுதவேண்டும், அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போகும். அதுவும் உங்கள் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களைச் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொன்னது.

அவசரமும் இல்லை. 21 நாளுக்குள் பதியவேண்டியது பிறப்பை மட்டும்தான். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. பதியப் போகும்போது தமிழிலும் இங்கிலீஷிலும் பெயரைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் 'ள' போட்டுவிடுவார்கள். அச்சாகும் முன் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.